அணைத்த கம்ப்யூட்டர் தானாக எழுந்திருக்கிறதா? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். மேலப்பாளையம், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், தென்காசி வரைக்கும் வீட்டுக்கும் கடைக்கும் போய்ப் பார்ப்பதுண்டு. "அணைச்சா திரும்ப ஆன் ஆவுது" என்ற புகார் வாரம் ஒன்றாவது வந்துவிடும். இதற்காக இரண்டு மூன்று தடவை ஃபார்மட் அடித்தவர்களையும், நல்ல மதர்போர்டைக் கழற்றிப் போட்டுப் புதிது வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். பாதிப் பேருக்குப் பத்துப் பைசா செலவில்லாமல் சரியாகியிருக்கும். அந்த வருத்தத்தில்தான், அவர்கள் கேட்ட கேள்விகளைக் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"ஷட் டவுன் குடுத்தா அணையுது, ரெண்டு செகண்டுல மறுபடி எந்திக்குது. எங்க கோளாறு அண்ணாச்சி?"

கோளாறு எங்கே என்று தேடுவதற்கு முன்னால், அது எப்படி எழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு தடவை ஷட் டவுன் கொடுத்துவிட்டு கேபினெட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். மானிட்டரைப் பார்க்க வேண்டாம், ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். ஃபேன் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்து, திரை மட்டும் இருண்டு, கம்பெனி பெயர் வந்து மறுபடி விண்டோஸ் ஏறினால் உங்கள் கம்ப்யூட்டர் அணையவே இல்லை. ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. இதை "அணையாத கேஸ்" என்று சொல்வேன். பெரும்பாலும் விண்டோஸ் பக்கம்தான் தேட வேண்டும்.

ஃபேன் முழுசாக நின்று, முன்பக்க விளக்கும் அணைந்து, அப்புறம் ஒரு விநாடியோ ஒரு மணி நேரமோ கழித்து எழுந்தால், அது ஒழுங்காகத்தான் அணைந்தது. ஏதோ ஒன்று அதை எழுப்பிவிட்டிருக்கிறது. பவர் பட்டன், மவுஸ், நெட் கேபிள், கரண்ட், பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் மதர்போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருள்) உள்ள ஒரு அமைப்பு, இவற்றில் ஒன்று. இது "எழுப்பிவிட்ட கேஸ்". கீழே வரும் பதில்களில் சில முதல் வகைக்கு, பல இரண்டாம் வகைக்கு. உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு படித்தால் பாதி நேரம் மிச்சம்.

"அணைச்சாச்சுன்னா உள்ள கரண்டே போவாதுல்லா? அப்புறம் எப்படித் தானா ஆன் ஆவும்?"

போகும். பிளக் செருகி, சுவரில் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) முழுசாகத் தூங்குவதில்லை. 5 வோல்ட் மட்டும் ஒரு தனி வழியில் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஸ்டாண்ட்பை என்பது அதுதான். அணைத்த பிறகும் சில மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம் தெரிவதும், நெட் கேபிள் செருகும் இடத்தில் பச்சை விளக்கு மினுக்குவதும் அதனால்தான்.

பவர் பட்டனை அமுக்கும்போது நாம் நேராகக் கரண்டைத் திறந்துவிடுவதில்லை. விழித்திருக்கும் மதர்போர்டிடம் "எழுந்திரு" என்று சொல்கிறோம், அவ்வளவுதான். அதே வார்த்தையை மவுஸும் சொல்லலாம், நெட்வொர்க் கார்டும் சொல்லலாம், உள்ளேயிருக்கும் கடிகாரமும் சொல்லலாம்.

"ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாவும்னு சொல்லுதாங்க. அடிச்சிரலாமா?"

வேண்டாம். எழுப்பிவிட்ட கேஸுக்கும் ஃபார்மட்டுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது. அணையாத கேஸிலும் கீழே சொல்லும் இரண்டு டிக்குகளை எடுத்துப் பார்த்த பிறகு யோசித்தால் போதும். ஃபார்மட்டில் போன கல்யாண ஆல்பமும் கடைக் கணக்கும் திரும்ப வராது.

"சரி, நம்மளது அணையாத கேஸ்தான். மொத வேலையா என்ன பாக்கணும்?"

விண்டோஸில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே பெரிய பிழை வந்தால் நீலத் திரையைக் காட்டிவிட்டு உடனே தானே ரீஸ்டார்ட் ஆகிவிடும். அந்தப் பிழை ஷட் டவுன் ஆகும் நேரத்தில் வந்தால், நீலத் திரை கண்ணில் படாமலே போய்விடும். நமக்குத் தெரிவது "அணைச்சேன், திரும்ப வந்துட்டு" என்பது மட்டும்தான்.

ஸ்டார்ட்டில் "அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்" என்று தேடித் திறங்கள். அட்வான்ஸ்டு என்ற பக்கத்தில் கடைசியாக "ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி" இருக்கும். அதன் செட்டிங்ஸ் பட்டனை அமுக்கி, "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" என்பதற்கு முன்னால் உள்ள டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். இப்போது மறுபடி ஷட் டவுன் கொடுத்தால், பிழை இருக்கும்பட்சத்தில் நீலத் திரை அப்படியே நிற்கும். அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் ஸ்டாப் கோடு முக்கியம். "டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்" என்று இருந்தால், ஏதோ ஒரு கருவியின் டிரைவர் (அதை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) அணையச் சொன்னபோது அணையவில்லை என்று அர்த்தம். கடைசியாக என்ன புதிதாகப் போட்டீர்கள் என்று யோசியுங்கள். பிரிண்டரா, வைஃபை டாங்கிளா, கிராபிக்ஸ் கார்டா? அந்த டிரைவரை எடுத்துவிட்டு, அந்தக் கம்பெனியின் தளத்திலிருந்தே சரியானதை இறக்கிப் போடுங்கள்.

டிக்கை எடுத்தது மருந்து இல்லை. நோய் என்னவென்று கண்ணுக்குக் காட்டும் வழி. நீலத் திரையில் நின்றால் பவர் பட்டனை ஐந்தாறு விநாடி அமுக்கிப் பிடித்து அணைத்துக்கொள்ளலாம்.

"தெனமும் ராத்திரி அணைச்சுட்டுத்தான் படுக்கேன். டாஸ்க் மேனேஜர்ல அப் டைம் 11 நாள்னு காட்டுது. பொய் சொல்லுதா?"

பொய் இல்லை. விண்டோஸ் 8 வந்த 2012 முதல் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நீங்கள் திறந்து வைத்ததையெல்லாம் மூடிவிட்டு, விண்டோஸின் உள்பாகத்தையும் டிரைவர்களின் நிலையையும் மட்டும் டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு அணையும். மறுநாள் அதை எடுத்து வைத்துக்கொண்டு வேகமாக எழும். ஆகையால் உள்ளே இருக்கும் கணக்குப்படி நேற்றைய ஓட்டம் முடியவே இல்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பலரும் இதற்கு நேர்மாறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படி எழுதி வைக்கும் வேலையில் பழைய டிரைவர் ஏதாவது சண்டித்தனம் பண்ணினால் அணைவதற்குப் பதிலாக ரீஸ்டார்ட் ஆகும். சோதிக்க எளிய வழி: ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுனைக் கிளிக் செய்யுங்கள். அந்த ஒரு தடவை மட்டும் முழு ஷட் டவுன் நடக்கும். அப்படிச் செய்யும்போது ஒழுங்காக அணைந்தால் குற்றவாளி ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்தான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ" என்பதைத் திறந்து, மேலே நீல எழுத்தில் இருக்கும் "சேஞ்ச் செட்டிங்ஸ்" வரியைக் கிளிக் செய்தால் கீழே மங்கலாக இருந்த டிக்குகள் உயிர்பெறும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்து சேவ் கொடுங்கள். எஸ்எஸ்டி போட்ட கம்ப்யூட்டரில் வேக வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நான் பார்த்த அணையாத கேஸ்களில் இந்த ஒரு டிக்கிலேயே முடிந்தவை நிறைய.

"அப்டேட் அண்ட் ஷட் டவுன் குடுத்துட்டுப் படுத்தேன். காலையில பாத்தா பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டு நிக்கி."

அப்டேட்டை முழுசாகப் போட நடுவில் ஒரு ரீஸ்டார்ட் தேவைப்படும். அதை முடித்துவிட்டுத் தானே அணைய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் பல கம்ப்யூட்டர்களில் ரீஸ்டார்ட்டோடு நின்றுவிடும் பிழை நெடுநாளாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் கடைசியில் விண்டோஸ் 11க்கு விட்ட அப்டேட்டில்தான் அதைச் சரிசெய்ததாகச் சொன்னது. ஆகவே விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் அப்டேட்டை முழுசாகப் போட்டுவிட்டுப் பாருங்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதில் இருப்பவர்கள் அப்டேட் நாளன்று ரீஸ்டார்ட் கொடுத்து, அது முடிந்த பிறகு தனியாக ஷட் டவுன் கொடுப்பது நல்லது.

"எதனால எந்திச்சன்னு கம்ப்யூட்டர்ட்டயே கேக்க முடியாதா?"

கேட்கலாம். "ஈவென்ட் வியூவர்" என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதற்குள் சிஸ்டம் என்பதைக் கிளிக் செய்யுங்கள். நீங்கள் ஷட் டவுன் கொடுத்த நேரத்துக்குப் பக்கத்தில் 1074 என்ற எண்ணைத் தேடுங்கள். யார் சொல்லி, எதற்காக அணைந்தது என்று அதில் எழுதியிருக்கும். அதில் "பவர் ஆஃப்" என்று இருந்து, அடுத்து 6006 என்ற எண்ணும் இருந்தால், விண்டோஸ் தன் வேலையை ஒழுங்காக முடித்திருக்கிறது. அதை எழுப்பியது வேறு எதுவோ. நீங்கள் ஷட் டவுன் கொடுத்திருக்க, அதில் "ரீஸ்டார்ட்" என்று இருந்தால் ஏதோ ஒரு மென்பொருள் குறுக்கே புகுந்திருக்கிறது, அதன் பெயரும் அந்த வரியிலேயே இருக்கும்.

41 அல்லது 6008 என்ற எண் வந்தால், ஒழுங்காக அணையாமல் பாதியில் துண்டித்துக்கொண்டது என்று அர்த்தம். கூடவே பக்செக் என்ற பெயரில் 1001 இருந்தால், மேலே சொன்ன நீலத் திரைக் கதைதான். 1001 இல்லாமல் 41 மட்டும் வந்தால் கரண்ட், எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்புங்கள். ஒரு எச்சரிக்கை: 41ஐப் பார்த்ததும் "பவர்" என்று எழுதியிருக்கிறதே என்று எஸ்எம்பிஎஸ் வாங்க ஓடாதீர்கள். நீங்களே பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்திருந்தாலும் அதே 41 தான் வரும்.

"எழுப்பிவிட்ட கேஸ்னா எங்கேருந்து ஆரம்பிக்க?"

கழற்றுவதிலிருந்து. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், யூஎஸ்பி ஹப், நெட் கேபிள் எல்லாவற்றையும் போட்டு வையுங்கள், விண்டோஸ் ஏறட்டும், ஷட் டவுன் கொடுங்கள். ஃபேன் நின்ற உடனே பின்பக்கம் இருக்கும் யூஎஸ்பி, நெட் எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். பவர் கார்டு மட்டும் இருக்கட்டும். எழாமல் கிடந்தால் உருவியதில் ஒன்றுதான் எழுப்புகிறது. அடுத்தடுத்த தடவை ஒவ்வொன்றாக விட்டுவைத்துப் பாருங்கள். கண்டுபிடித்த பிறகு அதற்கான அமைப்பை மாற்றிக்கொள்ளலாம். எல்லாம் உருவியும் எழுந்தால் பட்டன், பயாஸ், கரண்ட் என்று போக வேண்டும்.

இ-சேவை மையம் வைத்திருக்கும் ஒரு தம்பிக்கு இப்படித்தான் கைரேகை வைக்கும் கருவி மாட்டியது. தனி அடாப்டர் போட்ட யூஎஸ்பி ஹப்பில் அதைச் செருகியிருந்தார். கம்ப்யூட்டர் அணைந்த பிறகும் ஹப்பிலிருந்து கரண்ட் பின்வாங்கி உள்ளே வந்துகொண்டிருந்தது. கருவியை நேராகக் கேபினெட்டில் செருகினார், அன்றோடு நின்றது.

"மேசய லேசா இடிச்சாலே ஆன் ஆயிருது. மவுஸ மாத்தணுமா?"

மாற்ற வேண்டாம், மவுஸுக்கு எழுப்பும் அதிகாரத்தைப் பிடுங்கினால் போதும். டிவைஸ் மேனேஜரில் மவுஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் "அலவ் திஸ் டிவைஸ் டு வேக் த கம்ப்யூட்டர்" டிக்கை எடுங்கள். கீபோர்டுக்கும் அப்படியே. அப்புறம் பயாஸில் "பவர் ஆன் பை மவுஸ்", "பவர் ஆன் பை கீபோர்டு" இரண்டையும் டிசேபிள் செய்யுங்கள். பயாஸுக்குள் போக, ஆன் ஆகும்போது டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில கம்பெனிகளில் எஃப்10.

பயாஸில் "ஈஆர்பி" என்று ஒரு வரி இருந்தால் அதை எனேபிள் செய்துவிடுங்கள். ஐரோப்பாவில் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கொண்டுவந்த விதிக்காக வைத்தது. அணைந்த பிறகு ஸ்டாண்ட்பையில் மதர்போர்டு எடுக்கும் கரண்டை மிகவும் குறைத்து, யூஎஸ்பிக்கும் நெட்வொர்க்குக்கும் போவதைத் துண்டித்துவிடும். அணைத்த பிறகு போனை அந்த யூஎஸ்பியில் சார்ஜ் போட முடியாது, நெட்வொர்க் வழியாக எழுப்பவும் முடியாது, அதுதான் குறை.

"ஆபீஸ்ல ஒரு சிஸ்டம் மட்டும் இப்படிப் பண்ணுது. நெட் கேபிளப் புடுங்கிட்டா சமத்தா கெடக்கு."

வேக் ஆன் லேன். தூரத்தில் இருந்தபடி ஒரு கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியாக எழுப்பும் வசதி. இதற்கென்று மேஜிக் பாக்கெட் என்ற தனிச் செய்தி உண்டு. அதற்கு மட்டும் எழுந்தால் பரவாயில்லை. "வேக் ஆன் பேட்டர்ன் மேட்ச்" என்பதும் ஆனில் இருந்தால் பக்கத்து சிஸ்டமோ பிரிண்டரோ சாதாரணமாக "யார் இருக்கீங்க?" என்று விசாரிப்பதற்குக்கூட எழுந்துவிடலாம்.

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து அட்வான்ஸ்டு பக்கத்தில் பேட்டர்ன் மேட்ச்சையும், "ஷட்டவுன் வேக் ஆன் லேன்" என்று இருந்தால் அதையும் டிசேபிள் செய்யுங்கள். பயாஸில் "வேக் ஆன் லேன்" அல்லது "பவர் ஆன் பை பிசிஐஇ" என்று இருக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து ராத்திரியில் யாராவது இணைந்து வேலை பார்ப்பது வழக்கம் என்றால், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அணையுங்கள்.

"கரண்ட் போயி வந்தா அணைச்சு வச்ச சிஸ்டம் தானா ஓடுது. மாசாந்திரப் பராமரிப்பு அன்னைக்கு ஆளில்லாத கடையில சாயங்காலம் வரை ஓடிக்கிட்டு கெடக்கு."

இது கோளாறே இல்லை, பயாஸில் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். "ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்", "ஏசி பேக்", "ஆஃப்டர் பவர் ஃபெயிலியர்" என்று ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். மூன்று நிலை உண்டு. "பவர் ஆஃப்" என்றால் கரண்ட் வந்தாலும் சும்மா கிடக்கும். "பவர் ஆன்" என்றால் வந்த உடனே எழும். "லாஸ்ட் ஸ்டேட்" என்றால் கரண்ட் போன நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் எழும், அணைந்திருந்தால் எழாது. வீட்டுக்கும் கடைக்கும் "பவர் ஆஃப்" தான் சரி. கேமரா பதிவுக்கென்று வைத்த சிஸ்டத்துக்கு மட்டும் "பவர் ஆன்" வேண்டும்.

யூபிஎஸ் இருந்தாலும் இதே கதை வரும். பேட்டரி தீர்ந்து யூபிஎஸ் படுத்துவிட்டு, கரண்ட் வந்ததும் தானே எழுந்து கம்ப்யூட்டருக்குக் கரண்ட் விடும். கம்ப்யூட்டருக்கு அது புதுக் கரண்ட்தான்.

"கரண்ட் போகவே இல்ல. ஆனா மோட்டார் போட்டா சிஸ்டம் ஆன் ஆவுது. இதை யார்ட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்காங்க."

நான் நம்புகிறேன், கண்ணாலே பார்த்திருக்கிறேன். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு வீடு. கிணற்று மோட்டார் ஸ்விட்சைத் தட்டியதும் குழல் விளக்கு ஒரு தடவை மங்கி நிமிர்ந்தது. அதே நொடி, அடுத்த அறையில் அணைத்து வைத்திருந்த கம்ப்யூட்டர் "டிக்" என்று எழுந்தது. அந்த வீட்டு அம்மா "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று என் தோளைத் தட்டினார்கள்.

மோட்டார் கிளம்பும்போது சாதாரணமாக ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். வயரிங் மெலிசாகவோ இணைப்பு தளர்ந்தோ இருந்தால் அந்த நேரம் மற்ற இடத்தில் வோல்ட்டேஜ் சரியும். நல்ல எஸ்எம்பிஎஸ் அந்தக் கணநேரத்தைத் தாங்கிவிடும். வயதான எஸ்எம்பிஎஸ்ஸில் ஸ்டாண்ட்பை 5 வோல்ட் விழுந்து எழும். மதர்போர்டுக்கு அது கரண்ட் போய் வந்த மாதிரி. பயாஸில் "பவர் ஆன்" இருந்தால் முடிந்தது. அமைப்பை மேலே சொன்னபடி மாற்றினேன், எழுவது நின்றது. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றச் சொன்னேன், எலெக்ட்ரீசியனை வைத்து மோட்டாருக்குத் தனி லைன் இழுக்கவும் சொன்னேன். எழாமல் நிறுத்திவிட்டதால் வோல்ட்டேஜ் சரிவது நின்றுவிடாது.

"கேபினெட்டத் தொட்டா சுர்ருங்குது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?"

நேரடியாகக் குறைவு. ஆனால் அதை இன்றைக்கே பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் கொஞ்சம் கசிவை எர்த்துக்கு அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட்டின் இரும்பில் நிற்கும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருந்தால் முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள். சித்திரை வைகாசி வெயிலில் எர்த் குழி காய்ந்து கட்டாந்தரை ஆகிவிடும். உப்பும் கரியும் போட்ட குழியாக இருந்தாலும் தண்ணீர் ஊற்றினால்தான் வேலை செய்யும்.

"ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா எந்திக்குது. வீட்டுல ஆச்சி ரொம்பப் பயப்படுதாங்க."

ஆச்சியிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ரெண்டு மணி என்பதிலேயே விடை இருக்கிறது. விண்டோஸ் தன் பராமரிப்பு வேலைகளுக்குத் தானாக வைத்துக்கொண்டிருக்கும் நேரம் அதுதான். நீங்கள் ஷட் டவுன் கொடுக்காமல் ஸ்லீப்பில் விட்டிருப்பீர்கள், அல்லது பவர் பட்டனை அமுக்கினால் ஸ்லீப் ஆகும்படி இருக்கும். பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு அமைப்புக்குப் போய், ஸ்லீப் என்பதன் கீழ் "அலவ் வேக் டைமர்ஸ்" என்பதை டிசேபிள் செய்யுங்கள். ஃபேன் நின்றிருந்தாலும் முன்பக்க விளக்கு மெதுவாக மினுக்கிக்கொண்டிருந்தால் அது ஸ்லீப், ஷட் டவுன் இல்லை.

உண்மையாகவே ஷட் டவுன் ஆகி, தினமும் அதே நேரத்துக்கு எழுந்தால் பயாஸில் "ஆர்டிசி அலாரம்" (உள்ளேயிருக்கும் கடிகாரம் குறித்த நேரத்தில் எழுப்புவது) ஆனில் இருக்கும். அதை அணையுங்கள்.

"எல்லாத்தையும் புடுங்கிட்டேன், பயாஸும் பாத்துட்டேன். இன்னும் எந்திக்கி."

பவர் பட்டனைப் பாருங்கள். இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் எனக்கு இந்த வேலை தவறாமல் வரும். கேபினெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது பட்டன் மேலேயே ஒரு பொட்டு வைப்பார்கள். ஈரச் சந்தனம் பட்டனைச் சுற்றிய இடுக்கில் இறங்கிக் காய்ந்து கெட்டியாகிவிடும். பட்டன் வெளியே வரும்போது முக்கால்வாசியில் நிற்கும். விரல் நகத்தால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் அமுங்கியே இருப்பது தெரியும். உள்ளே தொடுப்பு விட்டுவிட்டுப் படும். ஒவ்வொரு படுதலும் மதர்போர்டுக்கு "எழுந்திரு". முழுசாக அமுங்கி நின்றுவிட்டால் வேறு மாதிரி: ஆன் ஆகி நாலைந்து விநாடியில் தானே அணைந்துவிடும். முக்கூடல் பக்கம் ஒரு பீடிக் கடையில் சந்தனத்துக்குப் பதிலாகப் புகையிலைத் தூசி அதே வேலையைச் செய்திருந்தது.

உறுதிப்படுத்த, சுவர் ஸ்விட்சை அணைத்து பிளக்கை உருவிவிட்டு கேபினெட்டைத் திறங்கள். பட்டனிலிருந்து மதர்போர்டின் மூலைக்கு வரும் மெல்லிய இரட்டை வயரில் "பவர் எஸ்டபிள்யூ" என்று எழுதியிருக்கும். பிளக்கை மறுபடி செருகி, கணினியை ஆன் செய்து விண்டோஸ் ஏறிய பிறகு அதை மட்டும் மெதுவாக உருவுங்கள், அப்புறம் ஷட் டவுன் கொடுங்கள். எழவில்லையா? பட்டன்தான். காய்ந்த பஞ்சும் கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் வைத்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். பொட்டை அடுத்த வருடம் கேபினெட்டின் மேல்தட்டில் வையுங்கள்.

"பயாஸ்ல மாத்துனதெல்லாம் மறுநாள் பழையபடி ஆயிருது. தேதியும் தப்பாக் காட்டுது."

மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது. 2032 என்று அதன்மேல் எழுதியிருக்கும், 3 வோல்ட். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். பிளக்கை உருவிவிட்டு, பிளஸ் பக்கம் மேலே இருக்கும்படி மாற்றிவிட்டு, பயாஸில் தேதியும் மேலே சொன்ன அமைப்புகளும் மறுபடி வையுங்கள்.

"லேப்டாப்லயும் இது வருமா?"

வரும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் டிரைவரும் அங்கேயும் அதேதான். கூடுதலாக, சில லெனோவாவில் மூடியைத் திறந்தாலே எழும் "ஃபிளிப் டு பூட்" உண்டு, சில டெல்லில் சார்ஜர் செருகினாலே எழும் "வேக் ஆன் ஏசி" உண்டு. இரண்டும் பயாஸில் இருக்கும். அணைத்த லேப்டாப்பைப் பையில் வைத்து எடுத்துப் போய், திறக்கும்போது சூடாக இருந்தால் அலட்சியம் வேண்டாம். உள்ளே எழுந்து காற்றில்லாமல் ஓடியிருக்கிறது.

"வைரஸா இருக்குமோ?"

2003இல் பிளாஸ்டர், 2004இல் சாசர் என்று கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யவைத்த புழுக்கள் பரவியது உண்டு. அந்த நினைவில்தான் பலர் இன்றும் கேட்கிறார்கள். அவை வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது ரீஸ்டார்ட் செய்தவை. அணைத்த பிறகு எழுவதற்கு வைரஸ் காரணமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"இவ்வளவு எதுக்கு? ஷட் டவுன் குடுத்துட்டு செவுத்து ஸ்விட்ச அணைச்சாப் போதாதா?"

ஃபேன் நின்ற பிறகு அணைத்தால் தப்பே இல்லை, இடி மின்னல் அடிக்கும் ஐப்பசி கார்த்திகையில் பிளக்கையும் நெட் கேபிளையும் உருவியே வையுங்கள். ஆனால் அணையாத கேஸில், திரை இருண்டதும் அணைந்துவிட்டது என்று நினைத்து ஸ்விட்சைத் தட்டினால் விண்டோஸ் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் துண்டிக்கிறீர்கள். அப்டேட் நடுவில் அப்படிச் செய்தால் மறுநாள் விண்டோஸ் ஏறாமலே போகலாம். பயாஸில் "லாஸ்ட் ஸ்டேட்" இருந்தால் இன்னொன்றும் நடக்கும்: ஓடும்போது துண்டித்ததால், காலையில் ஸ்விட்ச் போட்டதும் தானே எழும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தவர்கள்தான் என்னிடம் அதிகம் குழம்பி நிற்பவர்கள்.

"2023 வெள்ளத்துல நனைஞ்ச சிஸ்டம். காய வச்சதும் ஓடுச்சு, இப்பம்தான் இந்தக் கோளாறு."

அந்த டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி ஜங்ஷனுக்கும் வண்ணார்பேட்டைக்கும் வந்தபோது தண்ணீரோடு சேறும் உள்ளே போனது. தண்ணீர் காய்ந்துவிடும், சேற்றில் இருந்த உப்பு காயாது. போர்டின் அடியில், திருகுகளைச் சுற்றி, யூஎஸ்பி வாய்க்குள் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். மழைக்காலக் காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும்போது ஸ்டாண்ட்பை கரண்ட் போகக் கூடாத வழியில் கசியும். மழை நாளில் எழுந்து வெயில் நாளில் ஒழுங்காக இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் இதுதான். போர்டைக் கழற்றி ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவிப் பார்க்கலாம், தேறினால் தேறும். நனைந்த எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் காயவைத்துப் பயன்படுத்தாதீர்கள், அதைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் வோல்ட்டேஜ் நிற்கும்.

"கடைக்குக் கொண்டு வந்தா ஒழுங்கா அணையுது, வீட்டுக்குப் போனா மறுபடி ஆரம்பிக்கி. நான் பொய் சொல்லுதேன்னு நெனைக்காங்க."

நீங்கள் சொல்வது உண்மை. கடையில் உங்கள் மவுஸ் இல்லை, உங்கள் ஹப் இல்லை, உங்கள் நெட் கேபிள் இல்லை, உங்கள் வீட்டு மோட்டாரும் இல்லை. அடுத்த தடவை கேபினெட்டோடு கீபோர்டு, மவுஸ், ஹப், பவர் கார்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஃபேன் நின்றதா நிற்கவில்லையா, எத்தனை விநாடியில் எழுந்தது, அந்த நேரத்தில் வீட்டில் என்ன ஓடியது என்று ஒரு துண்டுச் சீட்டில் மூன்று நாளைக்கு எழுதி, அதையும் அந்தப் பையில் போடுங்கள்.